கிட்டங்கி நிறைய காலிஃப்ளவர்

நம் பள்ளிக்கூடத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு வீடியோவைப் போட்டிருந்தாள். காலிஃப்ளவரை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய புதுப்புதுப் பண்டங்கள். பூவைத் துருவிச் சோறு மாதிரி, பூவை அரைத்துத் தோசை, முழுப் பூவுக்கும் மசாலா தடவி அப்படியே சுட்டு எடுப்பது. கீழே நீங்கள் எல்லோரும் கை தட்டியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "என்னடி, சத்தத்தையே காணோம்?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமான பதில். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

அந்த வீடியோவில் காட்டிய அத்தனையையும் நான் சின்ன வயதிலேயே தின்று முடித்துவிட்டேன். அதுவும் ஒரே மார்கழியில்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். முன்பக்கம் வீடு, பின்பக்கம் தகரக் கூரை போட்ட கிட்டங்கி. மிளகாய் வத்தல் மூட்டையும் உளுந்து மூட்டையும் அடுக்கி வைக்கும் அந்தச் சரக்கறைக்கும் எங்கள் அடுக்களைக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம்தான். பெரியப்பாதான் கடைக்கும் வீட்டுக்கும் தலைவர். பெரியம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் அவருக்குத் தம்பிகள். அவர் நில் என்றால் நிற்பார்கள். அடுக்களை அம்மாவின் கையில் இருந்தது. அந்த வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூரிலிருந்து சித்தி வந்திருந்தாள்.

எடுத்த சரக்கு எதுவும் தன் கையில் வீணானதில்லை என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. சந்தையில் நாலு பேர் கூடினால் இதைச் சொல்லாமல் எழுந்து வரமாட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் காலிஃப்ளவர் ஏற்றிப் போன லாரி ஒன்று கயத்தாறு பக்கம் அச்சு முறிந்து நின்றபோது, அந்தப் பெருமைதான் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனது. பாதி லோடை மலிவாகப் பேசி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வத்தலும் உளுந்தும் வியாபாரம் செய்த மனிதர் காய்கறியைத் தொட்டது அதுதான் முதலும் கடைசியும்.

நம் ஊரில் அப்போது அதை யார் வாங்கினார்கள்? சந்தையில் பெண்கள் வந்து கூடையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது பூவா காயா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காய் பக்கம் போய்விட்டார்கள். சரக்கு முழுக்கக் கிட்டங்கிக்குத் திரும்பி வந்தது. வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது.

சித்தி போய் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நல்ல பூவுங்க பெரியத்தான். எங்கூர்ல இத வாரத்துக்கு ஒருக்காச் செய்வோம்" என்றாள்.

"அப்ப நீயே செய்யி" என்றார் பெரியப்பா. "ஊருக்காரனுக்கு வேண்டாம்னா போகட்டும். நம்ம வீட்ல வாயி இருக்கு. திங்குதோம்."

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூவை முக்கி எடுத்து, கடலை மாவும் மிளகாய்ப்பொடியும் பிசறி, எண்ணெயில் பொரித்து வைத்தாள். மொறுமொறுவென்று இருந்தது. பெரியப்பா தட்டை மறுபடியும் நீட்டினார். சித்தியின் முகம் அப்படி மலர்ந்ததை அந்த வீட்டில் நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. காலையில் பூவைத் துருவிப் போட்ட தோசை. மத்தியானம் தண்டை நறுக்கிப் போட்ட சாம்பார், பூப் பொரியல், வெளி இலையை அரிந்து பருப்புக் கூட்டு. ராத்திரி பூ உசிலி. கோலா உருண்டை, மோர்க்குழம்பு, புளிக்குழம்பு, ஊறுகாய். உப்பு மோரில் ஊறப்போட்டு மாடியில் காயவைத்த வத்தல் கூட உண்டு. காக்கை அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஒரு நாள் பூவைப் பொடிப்பொடியாகத் துருவி வேகவைத்து, "சோத்துக்குப் பதிலா இதத் தின்னா அரிசியும் மிச்சம்" என்று பெரியப்பா எங்கள் எல்லோருக்கும் அதையே போடச் சொன்னார். வெள்ளையாக, ஈரமாக, பிடித்தால் கையில் நிற்காமல், யாரோ ஒருமுறை மென்று துப்பியதைப் போல இருந்தது. அதில்தான் குழம்பு ஊற்றிப் பிசைந்து தின்றோம்.

அந்த வாடையை எப்படிச் சொல்ல? பூ வெந்து பொங்கும்போது அழுகின முட்டை வாடை எழும்பி முற்றம் முழுக்க நிற்கும். நமக்குக் கந்தக வாடை புதிதில்லை. தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்த ஊர். ஆனால் அதை யாரும் நமக்குச் சோற்றில் பிசைந்து தந்ததில்லை. பாவாடை, தலையணை, பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. எனக்கு ஒரு அலுமினிய டிபன் டப்பா இருந்தது ஞாபகம் இருக்கிறதா, மூடியில் வாத்து படம் போட்டது? அதைத் திறந்தால் வகுப்பே மூக்கைப் பொத்தும். ஒரு நாள் கணக்கு டீச்சர் உள்ளே வந்தவர் அப்படியே நின்று, "யாருக்குலே வயிறு சரியில்ல? வெளிய போயிட்டு வாங்க" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். என் பக்கத்தில் இருந்தவள் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். யாரென்று சொல்லமாட்டேன். போன வாரம் கை தட்டியவர்களில் அவளும் இருக்கிறாள்.

தகரக் கூரைக்குக் கீழே பூ எத்தனை நாள் தாங்கும்? வெள்ளை மஞ்சளானது. மஞ்சளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. புள்ளிமேல் கறுப்பாக ஒரு பூசணம் மயிர் மாதிரி முளைத்தது. அடியில் இருந்தவை நசுங்கி, தொட்டால் விரலில் சளி மாதிரி ஒட்டின. தரையில் பழுப்பாகத் தண்ணீர் கசிந்து முற்றத்துக்கு ஓடிவந்தது. அதன்மேல் ஈ மொய்த்தது. பெரியப்பா, "மேலாப்ல சீவிட்டு உள்ள இருக்கத எடு" என்றார். சீவினால் புழு.

பச்சைப் புழு. காம்பு என்ன நிறமோ அதே நிறம். பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வால் மட்டும் தெரியும். ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து உப்புத் தண்ணீரில் போடுவது என் வேலை. எடுக்க எடுக்க வரும். எத்தனை எடுத்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும்; வெந்நீரில் போட்டதும் வெளிறிப்போய்ச் சுருண்டு மிதந்து மேலே வரும். ஒரு நாள் மோர்க்குழம்பில் என் பல்லில் என்னவோ மெத்தென்று பட்டது. தண்டு என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். தண்டுக்குக் கால் கிடையாது.

நான் அழுததைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தார். "புழு திங்குத காயிதான் நல்ல காயி. சாப்பிடு" என்றார். அம்மா அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளிவைத்தாள். தின்றேன்.

அதற்குள் சித்திக்கு மசக்கை கண்டிருந்தது. பூ வேகும் அடுப்பின் முன்னால் முந்தானையை மூக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பாள். பாதியில் ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, கரண்டியை மறுபடியும் எடுப்பாள். "அக்கா, ஒரு நாளைக்கு வேற காய் செய்யலாமுங்களா?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "கேக்குததுன்னா நீயே போய்க் கேளு" என்றாள் அம்மா. சித்தி கேட்டாள். மறுநாள் பெரியப்பா கருப்பட்டி வாங்கிவந்து கொடுத்து, "இதப் போட்டு அல்வா கிண்டு. பிள்ளைக இனிப்புன்னா திங்கும்லா" என்றார். அந்த அல்வாவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்காது.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், கிட்டங்கிக்குள் பெரியப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பழைய வேட்டித் துணியில் ஒரு பொடியை மூட்டையாகக் கட்டி, குச்சியால் தட்டித் தட்டிப் பூக்குவியலின் மேல் தூவிக்கொண்டிருந்தார். எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. அங்கே பருத்திக்கு அப்படித்தான் தூவுவார்கள். அதே வெள்ளைப் பொடி, நனைந்த சாக்கு மாதிரி அதே புழுங்கல் வாடை.

"என்ன பெரியப்பா செய்யுதீய?"

"புழுவுக்கு மருந்து போடுதேன். போயி வெளையாடு."

மறுநாள் காலையில் சித்தி ஒரு பூவைப் பிய்த்தவள் அப்படியே நின்றாள். மோந்து பார்த்தாள். காம்புகளுக்கு நடுவில் அப்பியிருந்ததை விரலால் தொட்டு என்னிடம் காட்டினாள். "இதென்ன கண்ணு, வெள்ளையா?"

பார்த்ததைச் சொன்னேன். சித்தி பூவைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சாம்பல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு நேரே பெரியப்பாவிடம் போனாள்.

"பெரியத்தான், அந்தப் பூவுல பருத்தி மருந்து இருக்குதுங்க. அத இனிச் சமைக்க முடியாதுங்க."

"நல்லாக் கழுவு. போயிரும்."

"போகாதுங்க. ஒவ்வொரு காம்புக்குள்ளயும் போயிருக்குது. குழந்தைங்க சாப்பிடறதுங்க."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "மசக்கைக்காரிக்கு எல்லாத்துலயும்தான் வாடை அடிக்கும். அவ கெடக்கா. நான் செய்யுதேன்" என்றாள். அம்மா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குப் பெரியப்பாவின் முகம் கறுக்கக் கூடாது, அவ்வளவுதான். மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவினாள். புளிக்குழம்பு வைத்தாள். சித்தி அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் பெரியப்பாவும் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்தார்கள். எனக்கும் இலை போட்டாயிற்று. அம்மா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கரண்டி எடுக்கத் திரும்பினாள். சித்தி வந்து அந்தச் சட்டியைச் சூட்டோடு முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். சட்டி சாக்கடைக் கல்லில் பட்டு உடைந்தது.

அப்பா சாப்பிடாமலே எழுந்து கை கழுவினார். சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோர் உயிரையும் காப்பாற்றியவளைப் பார்த்து அம்மா சொன்னது, "கொழம்பச் சட்டியோட கொட்டுதாளே, இவ எந்த ஊரு பொம்பள?"

பெரியப்பா கத்தவில்லை. வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார். "சரிம்மா. ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம். திங்குததுக்கு வேற வாயி இருக்கு" என்றார். சாயங்காலம் மிச்சம் இருந்த பூவையெல்லாம் சாக்கில் அள்ளி வண்டியில் ஏற்றி அனுப்பினார். குழி வெட்டிப் புதைக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று சித்தி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிட்டங்கி காலியானதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்காரர் வந்தார். எங்கள் காட்டில் தரிசாகக் கிடந்த இடத்தில் அவர் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். ஆட்டுப் புழுக்கை எங்கள் நிலத்துக்கு உரம், அவர் ஆட்டுக்கு அடைய இடம். நல்ல உயரமான மனிதர். அன்றைக்கு வாசலில் குறுகிப்போய் நின்றார்.

"அண்ணாச்சி, என் பொழப்பு போச்சு. கெடையில நல்ல நல்ல உருப்படியாச் சாஞ்சு கெடக்கு. வாயில நொரை தள்ளி, கால ஒதறி ஒதறி, என் கண்ணு முன்னாலயே போச்சு. சென ஆடும் போச்சு."

பெரியப்பா காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "சோளப் பயிர்ல வாய வச்சிருக்கும்." இளம் சோளப் பயிரை மேய்ந்தால் ஆடு சாகும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"சோளக்காட்டுப் பக்கமே விடலியே அண்ணாச்சி. நேத்துச் சாயங்காலம் நீங்க அனுப்புன பூவத்தான் போட்டேன். ஆசையாத் தின்னுச்சு."

"பூ என்ன செய்யும்? நாங்களே அதத்தான திங்குதோம். நீ அசந்த நேரத்துல சோளத்துல போயி விழுந்திருக்கும். சரி, போனது போச்சு. வெறைச்சுப் போறதுக்கு முன்னால அறுத்துரு. நம்ம வண்டியவே தாரேன். கயத்தாத்துல லாரிக்காரவிய சாப்பிடுத கடையில குடுத்தா எடுத்துக்கிடுவான். கறி வீணாப் போகக் கூடாது."

ஆட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி தருவதற்காக.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இதைக் கேட்டேன். அம்மா காபி டம்ளரை எடுக்க வந்தவள் கேட்டாள். சித்தப்பா மாட்டை அவிழ்க்கப் போனவர், கயிற்றைப் பிடித்தபடி நின்று கேட்டார். எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறி குழம்பாகி யார் யார் இலையில் விழும், எந்த லாரி எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. புழு என் பல்லில் பட்டபோது வராத குமட்டல் எனக்கு அப்போது வந்தது.

சித்தி அடுக்களையிலிருந்து வாசலுக்கே வந்துவிட்டாள். வெளி ஆட்கள் இருக்கும்போது அவள் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணா, அந்த ஆட்ட அறுக்காதீங்க. பூவுல பருத்தி மருந்து தூவியிருந்துதுங்க. அதத் தின்னுதான் செத்துருக்குது. அந்தக் கறிய ஒருத்தரும் திங்கக் கூடாதுங்க."

"ஏட்டி, உள்ள போ" என்றார் பெரியப்பா. அதுவரை அவர் தம்பி மனைவியை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

சித்தி போகவில்லை. "தூவுனது இவங்கதான். குழந்தை பாத்துருக்குது" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஆட்டுக்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். இப்போது அடிக்கப் போகிறார், இல்லை மண்ணை வாரித் தூற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்வை அங்கிருந்து என்மேல் வந்தது.

"பிள்ளைக யாரும் அதத் தின்னுட்டாவளா தாயி?"

"இல்லீங்கண்ணா. நான் கொட்டிட்டேன்."

"நல்லாருப்ப" என்றார். வண்டி வேண்டாம், ஒரு மண்வெட்டி மட்டும் தாருங்கள் என்று கேட்டார். பெரியப்பா அசையவில்லை. சித்தப்பா மாட்டுக் கயிற்றைக் கீழே போட்டார். கிட்டங்கிக்குள் போய் இரண்டு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு ஒன்றைத் தன் தோளில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். பொழுது சாய்ந்துதான் திரும்பினார், முழங்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது. யாரிடமும் பேசாமல் கிணற்றடிக்குப் போனார்.

அன்றைக்கு அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு வேறு காய். பெரியப்பா இலையில் உட்கார்ந்து, சோற்றைக் குவித்துக் குழிபறித்துக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். "இன்னைக்குத்தான் சாப்பாடு சாப்பாடா இருக்கு" என்றார். அம்மா, "இன்னுங் கொஞ்சம் விடட்டுமா அத்தான்?" என்று கேட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் உதட்டோரம் வழிந்த எண்ணெயைப் பார்த்தேன். எழுந்து கிணற்றடிக்கு ஓடிப்போய், அங்கே வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சித்திக்குப் பக்கத்திலேயே குனிந்து நானும் வாந்தி எடுத்தேன். என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது அவள் கைதான்.

ஆட்டுக்காரர் பிறகு எங்கள் காட்டில் கிடை போடவில்லை. பெரியப்பா அவருக்கு ஒரு குட்டி கூட ஈடாகக் கொடுக்கவில்லை. சந்தையில் கேட்டவர்களிடம், காவல் சரியில்லாமல் சோளத்தில் விட்டுவிட்டான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரியவளான பிறகு அம்மாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "அவிய பெரியவிய. எதுத்துப் பேசிட்டு நான் எங்க போக?" என்றாள். ஆனால் சித்தி தனியாகப் போனாளே, என்று மட்டும் மனதில் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா நன்றாக வாழ்ந்து, நல்ல வயதில்தான் போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஆள், "ஒரு பருக்கைய வீணாக்க மாட்டாவளே" என்று சொல்லி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கொல்லைப்பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

சித்தியும் சித்தப்பாவும் அந்தத் தை மாதமே தனியாகப் போய்விட்டார்கள். ரயில் நிலையத்துப் பக்கம் ஒற்றை அறையும் சாய்ப்புமாக ஒரு வாடகை வீடு. சித்தப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். பெண் குழந்தை பிறந்தது. அங்கே போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் உத்தரவு. பள்ளிக்கூடம் விட்டதும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

அப்படிப் போன ஒரு நாள், வாசலிலேயே அந்த வாடை. சித்தி இடுப்பில் குழந்தையோடு அடுப்பு முன்னால் நின்று, வெந்நீரில் காலிஃப்ளவரை முக்கிக்கொண்டிருந்தாள். புதுப் பூ, பளீரென்று வெள்ளை. சித்தப்பா சந்தையில் பார்த்து வாங்கி வந்தாராம். எனக்குக் கால் உள்ளே வர மறுத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன்.

"எப்படிச் சித்தி? உங்களுக்கு அருவருப்பா இல்லையா?" என்று கேட்டேன்.

"காய் என்ன கண்ணு பண்ணுச்சு?" என்றாள். பூவை வடிகட்டி ஒரு பக்கம் வைத்து மூடினாள். கையை நன்றாகக் கழுவிவிட்டு, பானையிலிருந்து பழைய சோற்றைப் பிழிந்து எடுத்துத் தயிர் விட்டுப் பிசைந்து, ஒரு தட்டில் போட்டுப் படிக்கே கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"உனக்குப் புடிக்கலீன்னா விடு. இந்த ஊட்டுல யாரும் எதையும் கட்டாயத்துக்குத் திங்க வேண்டாம்."